விளக்கு வைக்கிற நேரத்துக் கேள்வி

விளக்கு வைக்கிற நேரத்தில் வீட்டில் என்னென்ன செய்யக்கூடாது என்று இராசமலருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தலை வாரி இழுக்கக்கூடாது, கூட்டக்கூடாது, அழக்கூடாது, நோய்வந்த வருத்தக்காரன் என்றாலும் படுத்துக் கிடக்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, வாயிலிருந்து கெட்ட கதை வரக்கூடாது. அந்த நேரத்தில் சொன்னது பலிக்கும். பிறந்த வீட்டிலும் அப்படித்தான், புகுந்த வீட்டிலும் அப்படித்தான். முரசுமோட்டையில் எந்தப் படலையைத் தட்டிக் கேட்டாலும் அதையேதான் சொல்வார்கள்.

அப்படியிருக்க, நாள் முழுவதும் சும்மா கிடந்துவிட்டு, அந்த ஒரு நேரம் பார்த்துத்தானா அந்தப் போன்காரி வாய் திறக்க வேண்டும்?

"வணக்கம். நான் உங்கள் நெஞ்சத்துணை. பராமரிப்பாளர் அவர்களே, இன்று உங்கள் மனநிலை எவ்வாறு உள்ளது?"

நெஞ்சத்துணை என்பது போனுக்குள் குடியிருக்கும் ஒரு பெண்குரல். இருதய வருத்தக்காரருக்கும் அவர்களை வைத்துப் பார்க்கிறவர்களுக்கும் மனத்தைரியம் கொடுப்பதற்கென்று ஒரு நிறுவனம் கொழும்பிலிருந்து கொண்டுவந்து இறக்கியது. அது கேட்கும், நாம் வாயால் பதில் சொல்ல வேண்டும், பதிலைக் கேட்டு அது நிறம் போடும். பச்சை என்றால் மனம் சுகம். மஞ்சள் என்றால் கவனம். சிவப்பு என்றால் ஆபத்து, ஆள் அனுப்ப வேண்டும். இவ்வளவுதான் அதன் படிப்பு.

குரலோ கோயில் ஒலிபெருக்கியைத் தோற்கடிக்கும். காதோடு வைத்துக் கேட்க வழியில்லை. கிராமத்து ஆட்களுக்கு வாசிக்கக் கஷ்டம், சத்தமாகக் கேட்டால்தான் வசதி என்று குளிரூட்டிய அறைக்குள் இருந்து எவனோ தீர்மானித்திருக்கிறான். இராசமலர் பத்தாம் வகுப்புவரை படித்தவள். பேப்பர் கையில் கிடைத்தால் மரண அறிவித்தல்வரை ஒரு எழுத்து விடாமல் வாசிக்கிறவள். அவளை ஒரு வார்த்தை கேட்டார்களா? கேட்கவில்லை.

அவளுடைய புருசன் அப்புத்துரை கைக்கெட்டும் தூரத்தில் கதிரையில் இருந்தார். விளக்கு வைக்கிற நேரமாயிற்றே என்று அவள்தான் அவரைக் கட்டிலிலிருந்து தூக்கி, முதுகுக்குத் தலையணை கொடுத்து இருத்தியிருந்தாள். மூச்சு வாங்கினாலும் காது மட்டும் அந்த மனுசனுக்கு வெகு கூர்மை.

"நல்லாயிருக்கிறன்," என்றாள் இராசமலர், நெருப்புக்குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு.

"நன்றி. நோயாளியைப் பராமரிப்பது உங்களுக்குச் சுமையாக உள்ளதா?"

"சுமையென்ன சுமை. சந்தோசமாய்த்தான் செய்யிறன்."

"நன்றி. நோயாளிமீது உங்களுக்குக் கோபம் ஏற்படுகிறதா?"

"சீச்சீ. அப்பிடி ஒண்டும் இல்லை."

பச்சை விழுந்தது. அவள் நெருப்புக்குச்சியை உரசினாள். உள்ளுக்குள் எரிந்ததை அந்தப் போன் எங்கே கண்டது!

கோபம் இல்லையாமா? சரியாய்ப் போச்சு. கோபம் இல்லாமல் எப்படி இருக்கும்? இரணைமடுக் குளத்துத் தண்ணீர் வாய்க்காலில் திறந்துவிட்டால் வயலில் நிற்கவேண்டியவள், வாய்க்கால் கரையில் நின்று திரும்பித் திரும்பி வீட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். உப்பில்லாத கறியை அந்தாள் தட்டோடு தள்ளிவிட்டால், அதைத் திரும்ப ஊட்டுகிறவள் அவள். ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர்தான் என்று டாக்குத்தர் அளவு சொல்லிவிட்டார். தாகம் தாங்காமல் "ஒரு மிடறு தாவன் மலர்" என்று அவர் கெஞ்சும்போது, பெற்ற தாயும் மறுக்காத தண்ணீரை மறுக்கிற பாவமும் அவள் தலையில்தான். ஒரே மகள் பளையில் கட்டிக்கொடுத்த இடத்தில் கைக்குழந்தையோடு இருக்கிறாள். அவளுக்குச் சொல்லி அழவைக்க இவளுக்கு மனமில்லை. பாரம் இல்லையாம், கோபம் இல்லையாம்! ஆனால் எரியப்போகும் விளக்குக்கு முன்னால் நின்று, கட்டின புருசன் கேட்க, ஒரு பெண் வேறு என்னத்தைச் சொல்லுவாள்?

அப்புத்துரையின் பாடு வேறு. கடைசிச் சண்டைக்காலத்தில் மாத்தளன்வரை சனத்தோடு சனமாய் நடந்து திரும்பிவந்து, பற்றையாய்க் கிடந்த வயலை வெட்டித் திருத்திய மனுசன். அந்த நெஞ்சு இப்போது படலைவரை நடக்க விடாது. இருதயம் இரத்தத்தை இறைக்கிற வேலையைக் குறைத்துவிட்டது, அதனால்தான் காலில் நீர் இறங்குகிறது, நெஞ்சில் நீர் கட்டுகிறது என்று டாக்குத்தர் ஆறுதலாக விளங்கப்படுத்தினார். அந்த விளக்கம் அப்புத்துரைக்குப் பிடித்திருந்தது. தண்ணீர் இறைக்கிற மெசின் பழுதானால் வயல் என்ன பாடுபடும் என்று அவருக்குத் தெரியாதா? ஆனால் இந்தப் போன்காரி முதல் நாளே என்ன சொன்னாள்? "இதயச் செயலிழப்பு நோயாளி அவர்களே, வணக்கம்."

"இஞ்சேர் மலர், செயலிழந்து போச்செண்டெல்லே சொல்லுறாள்," என்றார் அப்புத்துரை. "அப்ப இதிலை இருக்கிற நான் என்ன, பேயோ?"

அன்றைக்கு இருவரும் சிரித்தார்கள். சிரிக்க முடிந்த காலம் அது.

போன்காரிக்கு முதல் அந்த வீட்டுக்குப் பிரியந்தினி என்றொரு பிள்ளை வந்துகொண்டிருந்தாள். அதே நிறுவனத்து உளவளத்துணையாளர்தான். கிளிநொச்சியிலிருந்து ஸ்கூட்டியில் புழுதி குடித்துக்கொண்டு வருவாள். வந்ததும் அப்புத்துரையோடு வயற்கதை, வருத்தக்கதை எல்லாம் கதைப்பாள். பிறகு, "அம்மா, கிணத்தடிக்கு வாங்கோவன், முகம் கழுவோணும்," என்பாள். அந்தக் கிணற்றடி வீட்டிலிருந்து தூரம். வாழைகளுக்கு நடுவில், புருசனின் காதுக்கு எட்டாத இடத்தில், அவள் ஒரு கேள்வியும் கேட்கமாட்டாள். சும்மா கல்லில் குந்தியிருப்பாள். இராசமலர் வாளியை வைத்துவிட்டு அழுவாள். சில நாள் அழமாட்டாள், திட்டுவாள். புருசனைத் திட்டுவாள், கடவுளைத் திட்டுவாள், உப்பைக் கண்டுபிடித்தவனைத் திட்டுவாள்.

"திட்டுங்கோ அம்மா. நல்லாய்த் திட்டுங்கோ," என்பாள் பிரியந்தினி. "வருத்தக்காரரைப் பாக்கிறவைக்குக் கோவம் வாறது பாவமில்லை."

அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குள் போனால் அடுத்த கொஞ்ச நாளைக்கு இராசமலரின் கை பதமாக இருக்கும், வாய் பதமாக இருக்கும். அவருடைய கால் வீக்கத்தை அமத்திப் பார்க்கும்போது எரிச்சல் வராது. அந்தப் பிள்ளை தந்தது மருந்துமில்லை மாயமுமில்லை, காது. அதையும் பறித்துவிட்டார்கள்.

எப்படிப் பறித்தார்கள் என்று கேளுங்கள். போன்காரி வந்தபிறகு, பிரியந்தினி யாரிடம் போக வேண்டும் என்பதை நிறம்தான் தீர்மானிக்கும் என்று சட்டம் போட்டார்கள். சிவப்புக்காரரிடம்தான் போகலாம். இராசமலரோ விழுந்த நாளெல்லாம் பச்சை.

ஒருநாள் பிரியந்தினி போனெடுத்துச் சொன்னாள். "அம்மா, என்னை இப்ப தண்ணீரூற்றுப் பக்கம் போகச் சொல்லியிட்டினம். அங்கை கனபேருக்குச் சிவப்பு. உங்கடை வீடு பச்சை எண்டு காட்டுது. பச்சை வீட்டை போனால் என்னை ஏசுவினம்."

"பிள்ளை, உனக்குத் தெரியாதே என்ரை நிலைமை?"

"எனக்குத் தெரியும் அம்மா. ஆனா அவைக்கு நான் சொல்லுறது கணக்கில்லை. அது சொல்லுறதுதான் கணக்கு. நீங்கள் அதுக்கு உண்மையைச் சொல்லுங்கோவன்."

உண்மையைச் சொல்லட்டாம்! எப்போது சொல்வது? மறுநாள் இராசமலரே நிறுவனத்துத் திட்ட அலுவலர் தர்ஷனுக்குப் போன் போட்டாள். கழுத்தில் அடையாள அட்டையோடு திரிகிற, முப்பது வயது மதிக்கத்தக்க பெடியன்; நல்லவன்தான், ஆனால் வாய் மட்டும் அவனுடையதில்லை, நிறுவனத்தினுடையது.

"தம்பி, உதைப் பகலிலை கேக்கச் சொல்லுங்கோவன். நான் கிணத்தடியிலை நிக்கேக்கை, வயலிலை நிக்கேக்கை கேக்கட்டும். விளக்கு வைக்கிற நேரத்திலை, அதுவும் அவருக்கு முன்னாலை, என்னெண்டு தம்பி கதைக்கிறது?"

"அம்மா, எல்லா மாவட்டத்துக்கும் ஒரே நேரம்தான் செற் பண்ணியிருக்கு. அந்த நேரம்தான் எல்லாரும் வீட்டிலை ஓய்வாய் இருப்பினம் எண்டு ஆய்வு செய்துதான் வைச்சிருக்கினம்."

"ஆரிட்டைத் தம்பி ஆய்வு செய்தவை? விளக்கு வைக்காத வீட்டிலையோ?"

அவன் சிரித்தான். தலைமுறை தலைமுறையாக விளக்குக்கு ஒரு நேரம் வைத்த சனம், போன்காரிக்காக விளக்கை மாற்றிவைக்க வேண்டுமாம். சொறியத் தெரியாதவன் கொள்ளிக்கட்டையைத் தூக்கின கதைதான் இது.

இப்படிக் கொஞ்சக்காலம் போனது. பிறகுதான் அந்தப் புதுக் கேள்வி வந்தது.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. பிள்ளையார் கோயில் மணி கேட்டது. இராசமலர் குளித்துத் தோய்ந்து, திருநீறு பூசி, திரியை எண்ணெயில் தோய்த்துக்கொண்டிருந்தாள். அப்புத்துரை கதிரையில் கைகூப்பியபடி இருந்தார். போன்காரி வழக்கமான கேள்விகளைக் கேட்டு முடித்தாள். முடித்துவிட்டாள் என்று நினைத்து இராசமலர் நெருப்புப் பெட்டியை எடுத்தாள்.

"நன்றி. புதிய கேள்வி. நோயாளி இல்லாவிட்டால் உங்கள் வாழ்க்கை இலகுவாக இருக்கும் என்று நீங்கள் எப்போதாவது எண்ணியதுண்டா?"

இராசமலருக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. சிவசிவா! தாலி கழுத்தில் கிடக்க, திரி கையில் கிடக்க, புருசன் இல்லாவிட்டால் என்ற கதைக்கு ஒரு பதிலா? ஓம் என்றாலும் பாவம், இல்லை என்றாலும் அந்தக் கதைக்குள் வாயை வைத்ததாய்ப் போய்விடும். வாய் திறந்தால் அது பலித்துவிடும் என்ற பயத்தில் அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"உங்கள் பதில் விளங்கவில்லை. தயவுசெய்து ஆம் அல்லது இல்லை என்று கூறவும்."

அப்புத்துரை கூப்பிய கையை இறக்கி மடியில் வைத்தார்.

"உங்கள் பதில் விளங்கவில்லை. தயவுசெய்து ஆம் அல்லது இல்லை—"

அவள் போனை எடுத்துக்கொண்டுபோய்க் குசினியில் அரிசி வாளிக்குள் தாட்டாள். அரிசிக்குள் இருந்தும் அது கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

"விடப்பா, மெசின்தானே," என்றார் அப்புத்துரை. சிரித்த மாதிரியும் இருந்தது. விளக்கு எரிந்தது. தேவாரம் சொன்னார்கள். அதோடு அந்தக் கதை முடிந்தது என்று இராசமலர் நினைத்தாள். மறுநாளிலிருந்து அந்தக் கேள்விக்கு முதலே போனை அரிசிக்குள் தாட்டாள்; முன்னைய பதில்களுக்கே பச்சை விழுந்தது.

அதற்குப் பிறகு அப்புத்துரை ஒரு தங்கமான நோயாளியாக மாறிவிட்டார். தண்ணீர் கேட்பதில்லை. கறியில் உப்பில்லை என்று சொல்வதில்லை. கூப்பிடுவதில்லை. "நீ வயலுக்குப் போ, நான் இருப்பன்," என்பார். குளிசையைக் கையில் கொடுத்தால் சத்தமில்லாமல் வாயில் போட்டுக்கொள்வார். இராசமலருக்கு அதிசயமாக இருந்தது. கடவுள் கண்ணைத் திறந்துவிட்டார் என்றுகூட ஒருநாள் பக்கத்து வளவு மீனம்மாவிடம் சொன்னாள். பாவி, அவளுக்கு என்ன தெரியும்!

கால் வீங்கத் தொடங்கியது. முதலில் கணுக்கால், பிறகு முழங்கால். விரலால் அமத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. படுத்தால் மூச்சு முட்டியது, இருந்தபடியே கண்ணயர்ந்தார். குளிசை ஒழுங்காய்ப் போடுகிறாரே, பிறகேன் என்று அவள் மண்டையைப் போட்டு உடைத்தாள். ஒருநாள் காலமை, தோய்க்கலாம் என்று அவருடைய தலையணை உறையைக் கழற்றி உதறினாள். உறைக்குள்ளிருந்து வெள்ளைக் குளிசைகள் கொட்டுப்பட்டன. நாக்குக்குக் கீழே வைத்து, அவள் திரும்பினதும் துப்பி, ஒளித்துவைத்த மூத்திரக் குளிசைகள். நீரை இறக்குகிற, நெஞ்சைக் காப்பாற்றுகிற குளிசைகள்.

அவள் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள்.

"என்னப்பா இது? உங்களுக்கென்ன விசரே?"

அப்புத்துரை யன்னலைப் பார்த்தார். மூச்சை இழுத்து இழுத்துத்தான் சொன்னார். "உனக்கு லேசாய் இருக்கட்டும் எண்டுதான்."

"ஆர் சொன்னது நீங்கள் எனக்குப் பாரமெண்டு? நான் சொன்னனானே? ஒருநாளாவது என்ரை வாயாலை சொன்னனானே?"

"நீ சொல்லேல்லை." அவருடைய கண் கலங்கியது. "அதுதான். அண்டைக்கு அவள் கேக்கேக்கை, நீ ஒண்டும் சொல்லேல்லை. இல்லையெண்டு ஒரு சொல் உன்ரை வாயிலை வரேல்லை."

"ஐயோ, விளக்கடியிலை நிண்டு உங்கடை சாவைப்பற்றி நான் வாய் திறப்பனே? உங்களுக்குத் தெரியாதே?"

"தெரியும்," என்றார் அவர். "தெரிஞ்சும் மனம் கேக்கேல்லை மலர்."

ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். ஊசி போட்டு, ஒக்சிசன் வைத்து, நீரை இறக்கி, ஆளைத் திருப்பிக் கொடுத்தார்கள். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் என்று டாக்குத்தர் சொல்லத் தொடங்கியதை அவள் கேட்க விரும்பவில்லை. வாட்டில் கட்டிலடியில் இருந்தபோதுகூட, அரிசி மணத்தோடு பையில் கிடந்த அந்தப் போன் மாலையில் வாய் திறந்தது. "பராமரிப்பாளர் அவர்களே, இன்று உங்கள் மனநிலை எவ்வாறு உள்ளது?" வாட்டு முழுவதும் திரும்பிப் பார்த்தது. வெட்கத்தில் அவள் "நல்லாயிருக்கிறன், நல்லாயிருக்கிறன்" என்று சொல்லி வாயை அடைத்தாள். அன்றைக்கும் பச்சை. புருசன் ஒக்சிசனில் கிடக்க, பெண்சாதிக்குப் பச்சை! இதைவிடக் கேடுகெட்ட நிறம் உலகத்தில் உண்டா?

அவர் வீடு வந்து சேர்ந்து, தலையணை உறையை அவள் நாளுக்கு நாலுதரம் தடவிப் பார்த்துக்கொண்டிருந்த நாட்களில்தான் தர்ஷன் வாசலில் வந்து நின்றான். முகமெல்லாம் பல்.

"அம்மா, உங்களுக்கு ஒரு நல்ல செய்தி! எங்கடை திட்டத்திலை ஒருநாளும் சிவப்பு விழாத ஆள் நீங்கள்தான். கிளிநொச்சியிலை விழா வைக்கிறம். கொழும்பிலையிருந்து பணிப்பாளர் அம்மா வாறா. நெஞ்சத்துணை உங்கடை வாழ்க்கையை எப்பிடி மாத்தினது எண்டு நீங்கள் நாலு வார்த்தை பேசோணும்."

இராசமலர் அவனை மேலும் கீழும் பார்த்தாள். பிடரியில் ஒன்று போடத்தான் கை வந்தது. "வாறன் தம்பி," என்றாள். "கட்டாயம் வாறன்."

மீனம்மாவைப் புருசனுக்குக் காவலாக இருத்திவிட்டு, இருந்த ஒரே நல்ல சேலையை உடுத்திக்கொண்டு பஸ் ஏறினாள். பரந்தன் சந்தி தாண்டும்வரை வாய்க்குள் எதையோ சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவர் இவவுக்குச் சுகமில்லை என்று நினைத்துத் தள்ளி இருந்தார்.

மண்டபம் நிறைய ஆட்கள். மேடையில் பெரிய பதாகை, அதில் யாரோ ஒரு வெள்ளைக்காரக் கிழவனும் கிழவியும் போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பணிப்பாளர் அம்மா மாலையோடு நடுவில் இருந்தார். தர்ஷன் ஒரு தாளை இராசமலரின் கையில் வைத்தான். நெஞ்சத்துணை வந்தபின் என் மனம் பூவாய் மலர்ந்தது என்று தொடங்கியது. அவள் அதை மடித்து இடுப்பில் செருகினாள்.

மைக்கைப் பிடித்தவள் சனத்தைப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற தர்ஷனைப் பார்த்தாள்.

"தம்பி, நான் பேச முதல் உங்களை ஒண்டு கேக்கட்டே?"

"கேளுங்கோ அம்மா, கேளுங்கோ."

"இந்த வேலை உங்களுக்குச் சுமையாய் இருக்கோ?"

சனம் சிரித்தது. தர்ஷனும் சிரித்தான். "இல்லை அம்மா. சந்தோசமாய்த்தான் செய்யிறன்."

"நன்றி. உங்கடை பணிப்பாளர் அம்மாவிலை உங்களுக்குக் கோவம் வாறதோ?"

அவன் நடுக்கதிரையைப் பார்த்தான். பணிப்பாளர் அம்மாவும் அவனைப் பார்த்தார். "சேச்சே. அப்பிடி ஒண்டும் இல்லை."

"நன்றி. புதுக் கேள்வி. பணிப்பாளர் அம்மா இல்லாட்டில் உங்கடை சீவியம் லேசாய் இருக்குமெண்டு எப்பவாவது நினைச்சனீங்களோ? ஓம் அல்லது இல்லையெண்டு சொல்லுங்கோ. மைக்கிலை சொல்லுங்கோ, அவவுக்கும் கேக்கட்டும்."

தர்ஷனின் நெற்றியில் வேர்வை பூத்தது. வாய் திறந்தான், மூடினான்.

"உங்கள் பதில் விளங்கவில்லை," என்றாள் இராசமலர், போன்காரியின் குரலிலேயே.

"இ... இல்லை."

"பச்சை!" அவள் சனத்தின் பக்கம் திரும்பினாள். "தம்பிக்குப் பச்சை. இவருக்கு ஒரு குறையும் இல்லை. இனி ஒருத்தரும் இவரைப் போய்ப் பாக்கத் தேவையில்லை, என்ன நடக்குதெண்டு கேக்கத் தேவையில்லை. இப்பிடித்தான் எனக்கும் பச்சை போட்டவை. நான் பச்சையாய் இருக்கேக்கைதான் என்ரை மனுசன் குளிசையைத் துப்பித் துப்பித் தலாணிக்குள்ளை ஒளிச்சவர். ஏனெண்டு தெரியுமோ? நான் அவரைப் பாரமெண்டு நினைக்கிறன் எண்டு உங்கடை மெசின் அவருக்குச் சொல்லிக் குடுத்தது. நான் நினைக்காததையும் அது கேட்டுக் கேட்டு அவரின்ரை நெஞ்சிலை ஏத்தினது. ஏலாத நெஞ்சிலை! மனம் கதைக்கிறதெண்டால் மனுசர் வேணும். மறைவு வேணும். நேரம் வேணும். எங்களிட்டை வந்த பிள்ளையை நிப்பாட்டிப்போட்டு, நடுவீட்டிலை நிண்டு கத்துற ஒண்டைத் தந்திட்டு, அதுக்கு விழாவும் வைக்கிறியளே, உங்களுக்கு வெக்கமில்லையே?"

பின்வரிசையில் யாரோ ஒரு பெண் விம்மி அழுதாள். இன்னொருத்தி எழுந்து, "எங்கடை வீட்டிலையும் உதுதான்," என்றாள். பணிப்பாளர் அம்மா மைக்கை வாங்கினார். "மிகவும் பெறுமதியான கருத்து. திட்டத்தின் அடுத்த கட்டத்தில் நிச்சயமாகக் கவனத்தில் எடுப்போம்," என்றார். சொல்லிவிட்டுக் கைதட்டவும் செய்தார். அவருக்குப் பின்னால் மற்றவர்களும் தட்டினார்கள். ஏசினதுக்கும் கைதட்டுகிற சாதி! கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழும் ஒரு குடையும் கொடுத்தார்கள். சான்றிதழை இராசமலர் கதிரையிலேயே விட்டாள். குடையை எடுத்துக்கொண்டாள்; குடை என்ன பாவம் செய்தது.

வாசலில் பிரியந்தினி ஓடிவந்து கையைப் பிடித்தாள். கண் சிவந்திருந்தது. "அம்மா, அவை மாத்துவினம் எண்டு நான் நம்பேல்லை. எனக்கு வர ஒரு வழிதான் இருக்கு. அதிலை சிவப்பு விழோணும். என்னெண்டாவது ஒருநாள் உள்ளதை அதுக்குச் சொல்லிவிடுங்கோ அம்மா."

வீடு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மீனம்மா போனபிறகு, அப்புத்துரையைக் கதிரையில் தூக்கி இருத்தியபடியே நடந்தது எல்லாவற்றையும் சொன்னாள். தர்ஷன் முழித்த முழியைச் சொன்னபோது அவர் சிரித்தார்; சிரித்ததில் இருமினார். பிரியந்தினி சொன்னதையும் சொன்னாள். சிவப்பு விழாமல் அந்தப் பிள்ளை வராது.

அவள் போய்த் திரியை எடுத்தாள். எண்ணெய் விட்டாள். கோயில் மணி கேட்டது. போன் வாய் திறந்தது.

"வணக்கம். நான் உங்கள் நெஞ்சத்துணை."

"மலர்," என்றார் அப்புத்துரை. "விளக்கை வையாதை."

"என்ன கதை இது? நேரமாச்செல்லே."

"இண்டைக்குப் பிந்தட்டும். விளக்கு வைச்சால்தானே விளக்கு வைக்கிற நேரம்? இப்ப வெறும் இருட்டு. இருட்டுக்குள்ளை உள்ளதைச் சொல்லு. நான் கேக்கிறன் எண்டு பாக்காதை. நான் கேக்கோணும் எண்டுதான் சொல்லுறன்."

நாற்பது வருசமாக, ஆள் குடியிருந்த நாளில் ஒருநாளும் விளக்குப் பிந்தாத வீடு. இராசமலர் நெருப்புப் பெட்டியை நிலத்தில் வைத்தாள்.

"பராமரிப்பாளர் அவர்களே, இன்று உங்கள் மனநிலை எவ்வாறு உள்ளது?"

"சரியில்லை," என்றாள். திரும்பவும் சொன்னாள். "சரியில்லை. கனகாலமாய்ச் சரியில்லை."

"நன்றி. நோயாளியைப் பராமரிப்பது உங்களுக்குச் சுமையாக உள்ளதா?"

அவள் அவரைப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டினார்.

"ஓம். சுமைதான். முதுகு முறியுது."

"நன்றி. நோயாளிமீது உங்களுக்குக் கோபம் ஏற்படுகிறதா?"

"வருது. நல்லாய் வருது. அண்டைக்குக் குளிசை கொட்டுப்படேக்கை இவரைக் கொன்றுபோட்டாலென்ன எண்டு வந்தது." அவளுக்கு அழுகையும் வந்தது. சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். அப்புத்துரை இருட்டில் கையை நீட்டி அவளுடைய தோளைத் தேடிப் பிடித்தார்.

"நன்றி. நோயாளி இல்லாவிட்டால் உங்கள் வாழ்க்கை இலகுவாக இருக்கும் என்று நீங்கள் எப்போதாவது எண்ணியதுண்டா?"

கை தோளில் இருந்தது. அந்தக் கை இறுகியதை அவள் உணர்ந்தாள். இந்த முறை அவள் ஒரு கணமும் பிந்தவில்லை.

"இல்லை! விசர்ப் பெட்டி, இல்லை! ஒருநாளும் இல்லை!"

வளவு முழுக்க அது கேட்டிருக்கும். மீனம்மா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்திருக்கவும் கூடும். அப்புத்துரை மூச்சு விட்டார். அவ்வளவு நீளமாக அவர் மூச்சு விட்டு எத்தனையோ காலம்.

"நன்றி. உங்கள் நாள் இனிதாக அமையட்டும்," என்றாள் போன்காரி. திரையில் சிவப்பு விழுந்தது.

இராசமலர் விளக்கை ஏற்றினாள். அவர் தேவாரம் தொடங்கினார். மூச்சு முட்டின இடத்தில் அவள் எடுத்துப் பாடினாள். பாட்டு முடிய முதல் போன் அடித்தது. பிரியந்தினி.

"அம்மா! உங்களுக்குச் சிவப்பு விழுந்திட்டுது! நாளைக்குக் காலமை வாறன்!"

"சிவப்பு விழுந்ததுக்கு இவ்வளவு சந்தோசப்படுறாய், நல்ல ஆக்கள் நீங்கள்," என்றாள் இராசமலர். அழுகையும் சிரிப்பும் கோபமும் ஒன்றாய் வந்தன. "வா பிள்ளை. நேரே கிணத்தடிக்கு வா. திட்ட நிறையக் கிடக்கு."

போனை வைத்ததும் கதிரையிலிருந்து குரல் வந்தது. அந்தப் புதுக் கேள்வி வந்த நாளிலிருந்து அவள் கேட்காத குரல்.

"மலர், ஒரு மிடறு தண்ணி தாவன்."

"இண்டைக்கு அளந்தது முடிஞ்சு போச்சு," என்று அவள் எரிந்து விழுந்தாள். பிறகு குசினிக்குள் போய், தன் பங்குக்கு வைத்திருந்த இளநீரில் நாக்கு நனைய ஒரு கரண்டி எடுத்துவந்து, அவருடைய வாயில் விட்டாள்.